செப்புத் தகட்டில் நின்ற ஊர்கள்

(பெங்களூர், பொம்மனஹள்ளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நகரங்களை வரைந்த இருவரைப் பற்றி இன்று பேசப்போகிறேன். ஒருவர் தாமஸ் டேனியல். மற்றவர் அவருடைய உடன்பிறந்தாரின் மகன் வில்லியம் டேனியல். இருவரும் ஓவியர்கள். வரைந்ததைத் தாங்களே செப்புத் தகட்டில் பொறித்து அச்சிடவும் தெரிந்தவர்கள். இவர்களைப் பற்றிச் சென்னையிலும் மதுரையிலும் பேசலாம். கல்கத்தாவில் பேசினால் இன்னும் பொருத்தம். ஆனால் இங்கே பேசவும் காரணம் உண்டு. நம் வாசலில் ஓடும் சாலை போய்ச் சேரும் ஓசூர், அவர்களுடைய அச்சுப்படத் தொகுதியில் ஒரு தனித் தகடாக இருக்கிறது. ஓசூரைத் தாண்டினால் வரும் இராயக்கோட்டை ஒரு தகடு, வீரபத்திர துர்க்கம் ஒரு தகடு, ஜெகதேவியும் அதன் பக்கத்து மலைக்கோட்டையும் சேர்ந்து ஒரு தகடு. வார இறுதியில் சொந்த ஊருக்குப் போகும் நம்மில் பலர் பேருந்து ஜன்னல் வழியே பார்க்கும் அதே மலைகள்தான் அவை.

அந்தக் காலத்தை முதலில் நினைவில் வைத்துக்கொள்வோம். 1791 மார்ச் 7ஆம் தேதி, திப்பு சுல்தானோடு நடந்த போரில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் படை பெங்களூர்ப் பேட்டையைத் தாக்கிப் பிடித்தது. மார்ச் 21ஆம் தேதி இரவு கோட்டையும் விழுந்தது. கோட்டையைக் காத்துநின்ற கில்லேதார் பகதூர் கான் அந்தச் சண்டையிலேயே உயிர்விட்டார். ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் கம்பெனியின் கைக்குப் போயின. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை; திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார். பாராமகால் என்று அப்போது பெயர் பெற்றிருந்த இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி கம்பெனிக்குச் சேர்ந்தது. அந்த மை காய்வதற்குள், ஏப்ரலில், டேனியல்கள் இருவரும் சென்னையிலிருந்து தெற்கத்திப் பயணத்தைத் தொடங்கிவிட்டார்கள். படை திறந்துவிட்ட வழியில் ஓவியர்கள் வந்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் அவர்களுடைய கலையைப் பேச வேண்டும்.

தாமஸ் டேனியல் 1749இல் இங்கிலாந்தின் கிங்ஸ்டனில் பிறந்தவர். தந்தை விடுதி நடத்தியவர். பையன் முதலில் கற்றது கோச்சு வண்டிகளின் கதவுகளில் பிரபுக்களின் குலச்சின்னங்களைத் தீட்டும் வேலை. இந்தத் தொடக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். வண்டிக் கதவில் தீட்டுகிறவனுக்குக் கோடு சுத்தமாக விழ வேண்டும், வண்ணம் மழைக்கும் வெயிலுக்கும் தாங்க வேண்டும், சொன்ன நாளில் வேலை முடிய வேண்டும். பிறகு 1773இல் ராயல் அகாதெமிப் பள்ளியில் சேர்ந்தார். இயற்கைக் காட்சி ஓவியராக லண்டனில் பெயரெடுக்க முயன்றார், பெரிதாக எடுபடவில்லை. இந்தியாவுக்குப் போக 1784இல் கம்பெனியிடம் அனுமதி வாங்கினார். வாங்கியது செதுக்காளர் என்ற தகுதியில். தந்தையை இழந்திருந்த வில்லியமை உதவிக்கு அழைத்துக்கொண்டு 1785 ஏப்ரலில் கப்பலேறினார். பையனுக்கு வயது பதினைந்து, பதினாறுதான். கப்பல் சீனத்துக்குப் போய், அங்கிருந்து அவர்கள் கல்கத்தா வந்து சேர்ந்தது 1786இன் தொடக்கத்தில்.

இப்போது ஐரோப்பாவின் பக்கம் சற்றுப் போய்வருவோம். நகரத்தையே கதைத்தலைவனாக வைத்து வரையும் பழக்கம் அங்கே பரோக் காலத்தில் வேரூன்றியது. அதற்கு முன்னும் ஓவியத்தில் ஊர்கள் இருந்தன. ஆனால் புனிதர்களின் பின்னால், அரசர்களின் பின்னால் இருந்தன. டச்சுக்காரரான காஸ்பர் வான் விட்டல் ரோமாபுரிக்குப் போய், தெருவையும் ஆற்றங்கரையையும் துணி உலரும் மாடத்தையும் ஓவியத்தின் முன்னுக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வெனிஸில் கனலெட்டோ. 1697இல் பிறந்து 1768இல் மறைந்த அவர், வெனிஸின் கால்வாய்களை வரைந்து இங்கிலாந்துப் பயணிகளுக்கு விற்றார். தாமே அமிலச் செதுக்குப் படங்களும் செய்தார். அவருடைய சகோதரி மகன் பெர்னார்தோ பெலோட்டோ மாமனிடம் தொழில் கற்று, டிரெஸ்டன் அரசவைக்குப் போய், பிறகு வார்சாவில் போலந்து மன்னரின் அரசவை ஓவியராகி 1780இல் அங்கேயே இறந்தார். அவரும் தூரிகை பிடித்த கையாலேயே செப்புத் தகட்டையும் தொட்டவர். வெனிஸில் மாமனும் மருமகனும். இந்தியாவில் சிற்றப்பனோ பெரியப்பனோ ஆன ஒருவரும் மகன் முறையான ஒருவரும். தொழில் குடும்பத்துக்குள் கைமாறும் இந்த முறை சுவாமிமலை ஸ்தபதிகளைப் பார்த்த நமக்குப் புதிதில்லை.

பெலோட்டோவை நினைவில் வைத்திருங்கள். பேச்சின் பிற்பகுதியில் அவர் நமக்குத் தேவைப்படுவார்.

கல்கத்தாவில் தாமஸ் டேனியல் செய்த முதல் வேலை, அந்த நகரத்தின் பன்னிரண்டு காட்சிகளை அச்சிட்டது. 1786 முதல் 1788 வரை அந்த வேலை இழுத்தது. அக்வாடின்ட் என்னும் முறை அது. இங்கிலாந்துக்கே அது வந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. முறையைச் சொல்கிறேன். செப்புத் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, அதன்மேல் அமிலம் தின்னாத ஒரு பூச்சு பூசுவார்கள். ஊசியால் அந்தப் பூச்சைக் கீறிக் கோடுகளை வரைந்து, தகட்டை அமிலத்தில் இட்டால், கீறிய இடத்தில் மட்டும் செம்பு அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். இதோடு கோட்டுப்படம் முடிந்தது. வானம், நிழல், தண்ணீர் இவற்றின் சாயலுக்கு என்ன செய்வது? தகட்டின்மேல் குங்கிலியம் போன்ற பிசினைத் தூளாக்கித் தூவி, அடியில் சூடு காட்டுவார்கள். தூள் இளகி ஒட்டிக்கொள்ளும். மறுபடி அமிலம். தூளின் துகள்களுக்கு இடையே மட்டும் அமிலம் இறங்கும். அச்சிடும்போது அது மென்மையான சாம்பல் நிறமாக விழும். வெளுப்பாக இருக்க வேண்டிய இடத்தை வார்னிஷால் மூடிவிட்டு மீண்டும் அமிலத்தில் இட்டால், மற்ற இடம் இன்னும் கறுக்கும். இப்படி மூடி, இட்டு, மூடி, இட்டு, படிப்படியாக நிழலைக் கட்டுவார்கள். ஒரு நிமிடம் கூடினால் வானம் இருண்டுவிடும். அச்சிட்ட பிறகு ஒவ்வொரு தாளிலும் கையால் வண்ணம் பூச வேண்டும்.

இந்த வேலைக்குத் தேர்ந்த ஆட்கள் கல்கத்தாவில் இல்லை. ஓவியர், செதுக்குபவர், கன்னார், அச்சுக்காரர், அச்சுக்கூடத்து எடுபிடி என்று எல்லாமும் தாமே ஆக வேண்டியிருந்ததைத் தாமஸ் ஒரு கடிதத்தில் குறைப்பட்டு எழுதியிருக்கிறார். உள்ளூர்க் கைவினைஞர்களைக் கூட வைத்துக்கொண்டுதான் முடித்தார். அவர்களின் பெயர்கள் எந்தத் தகட்டின் ஓரத்திலும் இல்லை.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று சிட்பூர் சாலையில் இருந்த ஒரு கோயில். கோவிந்தராம் மித்திரர் என்னும் வங்காளிச் செல்வர் கட்டியது. ஒன்பது சிகரங்கள் கொண்டது. அந்த ஓங்கிய சிகரம் இன்று இல்லை. அது எப்படி நின்றது, அதன் அடியில் தெரு எப்படி ஓடியது என்று அறிய வேண்டுமென்றால் டேனியலின் தகட்டைத்தான் தேட வேண்டும். ஐரோப்பியக் கட்டடங்களுக்கு வரைபடமும் கணக்கும் கம்பெனிக் கோப்புகளில் இருக்கும். ஒரு வணிகர் கட்டிய கோயிலுக்கும் அதன் முன்னே வண்டி நிறுத்தியவனுக்கும் யார் கோப்பு வைத்தார்கள்?

1788இல் கங்கை வழியே வடக்கே போனார்கள். காசி, ஆக்ரா, டெல்லி, அதற்கும் அப்பால் கட்வால் மலையின் ஸ்ரீநகர் வரை. மூன்றாண்டு கழித்துத் திரும்பினார்கள். பயணச் செலவுக்குப் பணம் தேற்றிய வழி லாட்டரி. தீட்டிய ஓவியங்களைப் பரிசுகளாக அறிவித்துச் சீட்டு விற்றார்கள்; அந்தப் பணத்தில் தென்னாட்டுப் பயணம் நடந்தது. சென்னையிலும் பிறகு ஒரு லாட்டரி நடத்தினார்கள். பரங்கியரின் வீட்டுச் சுவர்களில் இந்திய ஊர்கள் மாட்டப்பட்டதால்தான் அடுத்த ஊரை வரைய முடிந்தது.

கையில் ஓர் இருட்டுப் பெட்டியும் இருந்தது. கேமரா அப்ஸ்க்யூரா. பெட்டியின் ஒரு பக்கம் லென்ஸ், உள்ளே கண்ணாடி. வெளிக்காட்சி ஒளியாக வந்து தாளின்மேல் விழும், அதன் விளிம்புகளைப் பென்சிலால் பின்தொடரலாம். கனலெட்டோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கருவியும் இதுதான். கட்டடங்களின் அளவு விகிதம் டேனியல் படங்களில் பெரும்பாலும் நம்பத்தக்கதாக இருப்பதற்கு இந்தப் பெட்டிக்கும் வண்டிக் கதவில் பழகிய கைக்கும் பங்கு உண்டு.

தெற்கத்திப் பயணம் 1792இன் கோடையில் தொடங்கியது. ஓசூர், இராயக்கோட்டை, சங்ககிரி, திருச்சி, மதுரை, பாபநாசம், குற்றாலம், களக்காட்டுப் பக்கமிருந்து பார்த்த குமரிமுனை மலைகள், திரும்பும்போது தஞ்சாவூர். காவிரியிலிருந்து பார்த்த திருச்சி மலைக்கோட்டை உங்களில் சிலருக்கு அறிமுகமான படமாகவே இருக்கும். நாள்காட்டிகளிலும் வக்கீல் அலுவலகச் சுவர்களிலும் அது தொங்குகிறது. தஞ்சைப் பெரியகோயிலின் விமானமும் நந்தியும் தனித்தனித் தகடுகள்.

என்னைக் கேட்டால், மதுரைத் தகடுகளுக்குத்தான் முதலிடம் தருவேன். திருமலை நாயக்கர் அரண்மனைக்குள் அவர்கள் போனபோது அது இடிபாடு. நாயக்கரின் பேரன் சொக்கநாதர் திருச்சிக்கு மாறியபோது அங்கிருந்து மரமும் கல்லும் பெயர்த்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். அதன் பின் யுத்தம், தங்கியிருந்த படைகள், மழை. டேனியல்கள் வரைந்தது அந்த நிலையை: பெருந்தூண்கள், மேலே வளைவு, வளைவுக்கு மேலே வானம். இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவர்கள் பார்ப்பது, நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்தபோது (1866–1872) பழுதுபார்க்கத் தொடங்கிய மகாலை. பழுதுபார்ப்புக்கு முந்தைய நிலைக்குச் சான்று இரண்டு. ஒன்று 1858இல் லின்னேயஸ் டிரைப் எடுத்த புகைப்படங்கள். அதற்கும் சுமார் அறுபத்தைந்து ஆண்டு முந்தைய நிலையைக் காட்டுபவை டேனியல்களின் தகடுகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடையில் எந்தச் சுவர் விழுந்தது என்பதே தெரிகிறது.

மதுரைக் கோட்டையின் உள்ளே இருந்து ஒரு படமும் உண்டு. அந்தக் கோட்டை மதில் இன்று எங்கே? பின்னாளில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். தூர்த்த நிலத்தில் வெளிவீதிகள் எழுந்தன. அளந்த மாரட்டின் பெயரிலும் மேஸ்திரி பெருமாளின் பெயரிலும் இன்றும் தெருக்கள் இருக்கின்றன; பிளாக்பர்னின் நினைவாக விளக்குத்தூண் நிற்கிறது. மதிலை எடுத்தவர்களின் பெயர்களை ஊர் தினமும் சொல்கிறது. மதில் எப்படி இருந்தது என்பதைச் செப்புத் தகட்டிடம் கேட்க வேண்டியிருக்கிறது. புது மண்டபத்தையும் அவர்கள் வரைந்தார்கள். தையல் மெஷின்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் நிறைந்த மண்டபமாகத்தான் எங்கள் தலைமுறைக்கு அதைத் தெரியும். அந்தத் தூண் வரிசையின் முழு நீளத்தையும் தடையின்றிக் காட்டும் டேனியல் படத்தை முதன்முதல் பார்க்கும் மதுரைக்காரர் சற்று நேரம் பேசமாட்டார்.

1793இல் பம்பாய், மேற்குக் குடைவரைகள். 1794 செப்டம்பரில் இங்கிலாந்து. அதன்பின்தான் வாழ்நாளின் பெரிய வேலை. 1795 முதல் 1808 வரை, இருபத்துநான்கு இருபத்துநான்காக ஆறு பகுதிகள், மொத்தம் 144 தகடுகள். 'ஓரியண்டல் சீனரி' என்று பெயர். முழுத் தொகுதியின் விலை 210 பவுன். பெரும் செல்வர்களும் நிறுவனங்களும்தான் வாங்க முடியும். தகடுகளில் உழைத்து உழைத்து வில்லியம் அக்வாடின்ட் கலையில் இங்கிலாந்தின் முதல் வரிசைக்கு வந்தார்; பிற்பாடு பிரிட்டன் தீவின் கரையோரத்தைச் சுற்றிவந்து 308 தகடுகளில் அதைப் பதித்தார். தாமஸ் 1799இல் ராயல் அகாதெமியின் முழு உறுப்பினரானார், வில்லியம் 1822இல். மரணத்தில் வில்லியம் 1837இல் முந்திக்கொண்டார். தாமஸ் 1840 வரை, தொண்ணூறு வயது கடந்து, திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து மறைந்தார்.

அந்தத் தொகுதி ஐரோப்பாவில் என்ன செய்தது என்பது தனிக்கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் செசின்கோட் மாளிகை மொகலாயக் குவிமாடத்தோடு எழுந்தது. அதன் தோட்டத்தில் சூரியனுக்கு ஒரு சிறு கோயிலைத் தாமஸ் வடிவமைத்தார். அதைப் பார்த்துவிட்டுப் போன பட்டத்து இளவரசர், பின்னாளில் பிரைட்டனில் ஜான் நாஷைக் கொண்டு கட்டிய அரண்மனையில் குவிமாடங்கள் முளைத்தன. பிரான்சில் ஜூபர் கம்பெனி 1807இல் வெளியிட்ட 'இந்துஸ்தான்' சுவர்த்தாளில் டேனியல் காட்சிகள் வெட்டி ஒட்டப்பட்டன. ஸ்டாஃபோர்ட்ஷயர் பீங்கான் தட்டுகளில் நீல நிறத்தில் நம் கோயில்களும் மலைகளும் அச்சாயின. இந்தியா என்றவுடன் ஒரு சராசரி ஆங்கிலேயர் மனத்தில் எழுந்த காட்சி, நெடுங்காலம், இந்த இருவரின் கையில் உருவானது. பெரிய ஆலமரம், அதன் அடியில் இடிந்த மண்டபம், தூரத்தில் இரண்டு ஆட்கள். அந்தக் காட்சி அழகானது. ஆனால் 1792இல் அதே பாராமகாலில் வயல்கள் பாழாகி, ஊர்கள் காலியாகி இருந்தன. அது தகட்டில் ஏறவில்லை. வாங்கப்போகிறவர் யார் என்பது தெரிந்து வரைந்த படங்கள் இவை. கட்டடத்தின் சாட்சியாக நான் டேனியலை நம்புகிறேன். மக்களின் சாட்சியாக நம்பமாட்டேன்.

இப்போது பெங்களூருக்கு வருகிறேன். நம் நகரத்தை அந்தப் போர்க்காலத்திலேயே வரைந்தவர்கள் வேறு மூவர். ராபர்ட் ஹோம் 1791இன் தொடக்கத்தில் சென்னை வந்து, கார்ன்வாலிஸின் படையோடு இங்கே வந்த தொழில்முறை ஓவியர். மைசூர்க் காட்சிகளின் தொகுதியை 1794இல் வெளியிட்டார். பேட்டை வாசலில் கர்னல் மூர்ஹவுஸ் சாவதையும், திப்புவின் சிறு மகன்களைக் கார்ன்வாலிஸ் பிணையாகப் பெற்றுக்கொள்வதையும் பெரிய திரைகளில் தீட்டினார். அதே போரில், அதே மாதத்தில் இறந்த பகதூர் கானைப் பற்றி அவர் அப்படிப் பெருந்திரை விரிக்கவில்லை. அடுத்தவர் நில அளவையாளர் ராபர்ட் கோல்புரூக். பன்னிரண்டு மைசூர்க் காட்சிகள். பிற்பாடு வங்காளத்தின் தலைமை நில அளவையாளர் ஆனவர். மூன்றாமவர் பீரங்கிப்படை லெப்டினன்ட் ஜேம்ஸ் ஹண்டர். 1792இல் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற ஓவியங்களை வைத்து எட்வர்ட் ஓர்ம் 1805 வாக்கில் லண்டனில் ஒரு தொகுதி கொண்டுவந்தார்.

மூவரில் எனக்கு ஹண்டரே நெருக்கமானவர். கலைத்திறத்தில் டேனியல்களின் பக்கத்தில் நிற்கமாட்டார். மனித உருவங்கள் விறைப்பாக இருக்கும். ஆனால் அவர் கோட்டைக்குள் சுற்றித் திரிந்திருக்கிறார். திப்புவின் அரண்மனை, அதற்குப் போகும் தெரு, சைப்ரஸ் மரத் தோட்டத்தோடு கிழக்கிலிருந்து தெரியும் பெங்களூர் என்று ஓர் ஊரின் உட்பகுதியைக் காட்டுகிறார். அந்தத் தேக்குத்தூண் அரண்மனை இன்றும் கோட்டைப் பகுதியில் நிற்கிறது. 1791இல் கட்டி முடித்த கட்டடத்தை அடுத்த ஆண்டுக்குள் வரைந்த கை இது. மரத்தூணின் வளைவும் மாடத்தின் உயரமும் எவ்வளவு பொருந்துகின்றன என்று நேரில் போய் ஒப்பிடலாம்; நம் ஊரில் இப்படி ஒப்பிடக்கூடிய இடங்கள் மிகக் குறைவு.

மற்றது எல்லாம் போய்விட்டது. ஹைதர் அலி 1761இல் கல்லால் எழுப்பிய கோட்டையில் மிஞ்சியது டெல்லி வாசலும் அதை ஒட்டிய சிறு பகுதியும். கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். எதிரே மேம்பாலம், பக்கத்தில் மருத்துவமனை, பேருந்து நெரிசல். அந்த வாசல் ஒரு பெரிய கோட்டையின் ஒரு பல் மட்டுமே என்பது அங்கே நின்றால் தெரியாது. ஹோமின் படத்தைப் பார்த்தால்தான், வளைந்தோடும் மதிலும் கொத்தளங்களும் அகழியும் சேர்ந்த முழு வாய் தெரியும்.

ஒரு கேள்வி எழும். நம் ஊரை நாமே வரைந்ததில்லையா? வரைந்திருக்கிறோம். வான் விட்டல் ரோமாபுரியில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்த அதே பதினேழாம் நூற்றாண்டில், திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதையைத் தீட்டினார்கள். அதில் தேவலோகத்திலிருந்து தியாகராசர் திருவாரூர் வருகிறார். திருவிழா, ஊர்வலம், வாத்தியக்காரர்கள், வாணவேடிக்கை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தமிழில் விளக்கம். தீட்டியவர் சிங்காதனம் என்று பெயரும் எழுதியிருக்கிறது. டேனியல் படத்தில் கட்டடம் பெரிது, மனிதர் சிறிது. திருவாரூர் விதானத்தில் மனிதர்களும் தெய்வமும் ஊரை நிறைத்து நிற்கிறார்கள். கட்டடம் அவர்களுக்குச் சட்டகம். நகரத்தைப் பார்க்க இரண்டு வழிகள் இவை. தூரப்பார்வைக் கணக்கு சிங்காதனத்துக்குத் தேவைப்படவில்லை. ஆனால் எந்தத் தாளக்காரர் எங்கே நின்றார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பூனாவிலும் ஒரு பெயர் உண்டு. கங்காராம் தாம்பட். ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸிடம் வேலை பார்த்து, எல்லோராவையும் பிற குடைவரைகளையும் வரைந்தவர். வேல்ஸ் 1795இல் இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற வரைபடங்களைக் கொண்டுதான் டேனியல்கள் எல்லோராவின் இருபத்துநான்கு தகடுகளையும் செய்தார்கள். 144இல் ஆறில் ஒரு பங்கு, டேனியல்கள் நேரில் போகாத இடம். அந்த உழைப்பின் பக்கத்தில் கங்காராமின் பெயரையும் வைத்துச் சொல்வது நம் கடமை என்று கருதுகிறேன்.

பெலோட்டோவை நினைவில் வைக்கச் சொன்னேன். 1944இல் ஜெர்மானியப் படை வார்சாவின் பழைய நகரத்தைத் திட்டமிட்டுத் தரைமட்டமாக்கியது. யுத்தம் முடிந்ததும் போலந்துக்காரர்கள் அந்தத் தெருக்களை மீண்டும் கட்டினார்கள். போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் எடுத்த அளவு வரைபடங்களோடு, பதினெட்டாம் நூற்றாண்டில் பெலோட்டோ தீட்டிய ஓவியங்களும் அந்த வேலையில் கைகொடுத்தன. அவர் விகிதத்தைச் சற்று மாற்றி அழகுபடுத்திய இடங்களும் உண்டு என்பதை அறிந்தே அவரைப் பயன்படுத்தினார்கள். 1980இல் யுனெஸ்கோ அந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பெங்களூர்க் கோட்டையைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த நிலத்தில் மருத்துவமனையும் பள்ளியும் சந்தையும் மக்களுக்குப் பயன்படுகின்றன, அவை இருக்கட்டும். ஆனால் வார்சாவாசி தன் ஊரின் பழைய ஓவியத்தை அறிந்த அளவுக்கு நாம் ஹோமையும் ஹண்டரையும் அறிந்திருக்கிறோமா? டெல்லி வாசலில் நின்று பார்க்கும் பள்ளிப் பிள்ளைக்கு, அதே இடத்தின் 1791ஆம் ஆண்டுப் படத்தை யாராவது கையில் கொடுத்திருக்கிறோமா? ஜார்ஜ் மிச்செலும் புகைப்படக்காரர் அந்தோனியோ மார்டினெல்லியும் டேனியல்கள் நின்ற இடங்களைத் தேடிப்போய், அதே கோணத்தில் படமெடுத்து 1998இல் ஒரு நூல் போட்டார்கள். அந்த வேலை ஊருக்கு ஊர் நடந்திருக்க வேண்டும். கல்கத்தா விக்டோரியா நினைவகத்தில் டேனியல்களின் எண்ணெய் ஓவியங்கள் பெரிய அளவில் இருக்கின்றன. கல்கத்தா போகும்போது ஒரு பிற்பகலை அதற்கு ஒதுக்குங்கள்.

பொம்மனஹள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்து பேகூரின் நாகேசுவரர் கோயிலில் ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமையுள்ள கல்வெட்டில் பெங்களூரு என்ற பெயர் இருக்கிறது. எழுத்தால் இந்தச் சுற்றுப்புறம் அவ்வளவு பழையது. படத்தாலோ, நமக்கு ஒன்றுமே இல்லை. 2007இல் பெருநகர மாநகராட்சியோடு சேரும் வரை தனி நகராட்சியாக இருந்த ஊர் இது. ஏரிகளும் ராகி வயலும் இருந்த ஊர். 2010இல் எலக்ட்ரானிக் சிட்டிக்கு மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ வந்தது. இந்த மூன்று கட்டத்துக்கும் முன்னும் பின்னும் ஓசூர் சாலை எப்படி இருந்தது, சாலையோரத்துத் தையற்கடை எது, கார்மென்ட் தொழிற்சாலை முடிந்து பெண்கள் வெளியே வரும் வாசல் எது என்று வரைந்து வைத்தவர் யார்? கைப்பேசியில் கோடிக்கணக்கில் படம் எடுக்கிறோம். ஆனால் எடுத்த இடமும் நாளும் குறித்து, ஒரே கோணத்தில் தொடர்ந்து எடுத்து, ஒரு நூலகத்தில் ஒப்படைக்கிறவர் இல்லை. கைப்பேசி மாறும்போது படமும் போய்விடுகிறது.

ஆகவே இங்கே வந்திருக்கும் ஓவிய ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்தக் கல்வியாண்டில் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை டெல்லி வாசலுக்கும் திப்பு அரண்மனைக்கும் அழைத்துப்போங்கள். ஹோம், ஹண்டர் படங்களின் நகலைக் கையில் கொடுங்கள். எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று அவர்களே எழுதட்டும். திரும்பி வந்ததும், பொம்மனஹள்ளியில் அவரவர் தெருவை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். நின்ற இடம், பார்த்த திசை, தேதி, வரைந்தவரின் பெயர், படத்தில் இருக்கும் கடைக்காரரின் பெயர் ஆகிய ஐந்தையும் தாளின் அடியில் தமிழிலோ கன்னடத்திலோ எழுத வேண்டும். அந்தத் தாள்களை வாங்கிப் பாதுகாத்து, பத்தாண்டுக்கு ஒருமுறை அதே இடங்களில் மீண்டும் வரையவைக்கும் பொறுப்பை இந்த அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளும்படி நிறுவனர் குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் தொகுப்புக்கு வேண்டிய தாளையும் பென்சிலையும் நான் வாங்கித் தருகிறேன்.